நாற்பத்தாறு சென்டிமீட்டர்

கதவை உள்ளே தள்ளினால்
குளியலறை முடிந்துவிடும்.
அப்படி ஒரு வீடு, அடிலெய்டின் வடக்கே, சால்ஸ்பரியில்.
தவணை இன்னும் ஏழு வருஷம்.

பழைய கொமட்டில் சதானந்தர்
உட்காரும்போது ஒரு அம்மா,
எழும்பும்போது இரண்டு.
மூட்டு மாற்றிய வலது காலை
நீட்டினால் கதவு தடுக்கும்,
மடக்கினால் மூட்டு திட்டும்.
துவாய்க் கம்பியைப் பிடித்துத்தான் எழும்புவார்.
போன புதன்கிழமை
கம்பி கையோடு வந்துவிட்டது.

அத்தோடு தண்ணீர்க் கட்டணம்.
அமத்தினால் பதினொரு லிட்டர்,
இரவில் நாலுதரம் போகிற மனிதர்.
பெருக்கிப் பார்த்த பில்லின் பின்பக்கத்தில்
அறையின் படத்தைக் கீறினேன்.
சுவரிலிருந்து குழாயின் நடுவுக்கு நூற்றிநாற்பது மில்லிமீட்டர்.
இரண்டாம் தரம் அளந்தபோதும் அதே.
மூன்றாம் தரம் அவர் அளந்தார், நூற்றைம்பத்தைந்து.
அளவுநாடாவை வாங்கி வைத்துக்கொண்டேன்.

கடையில் வரிசையாக வெள்ளை வெள்ளையாய்
வாய் மூடி இருந்தன.
காற்சட்டையோடு ஒவ்வொன்றிலும் இருந்து பார்த்தார்,
கண்ணை மூடி,
கையைத் தொடையில் வைத்து.
என்னைப் பெண்பார்க்க வந்த அன்று
இதில் பாதி நேரம்கூட இருக்கவில்லை.

ப்ரோடி என்ற பொடியன்
நட்சத்திரம் பார்த்துச் சொன்னான்:
இது மூன்று, இது நாலு.
நாலு என்றால் முழுப் பொத்தானுக்கு நாலரை லிட்டர்,
அரைப் பொத்தானுக்கு மூன்று.
எங்களுக்கு நட்சத்திரம் பார்த்தவர்
இவ்வளவு விளக்கமாகச் சொல்லவில்லை.

கடைசியில் ஒன்று.
முன்னுக்கு நீளாத சின்ன வயிறு,
தரையிலிருந்து நாற்பத்தாறு சென்டிமீட்டர்.
'சௌகரிய உயரம்' என்றான் ப்ரோடி.
சதானந்தர் இருந்தார்.
எழும்பினார்.
கை எதையும் தேடவில்லை.
அம்மா என்ற சத்தமும் இல்லை.
மறுபடி இருந்தார், மறுபடி எழும்பினார்,
பக்கத்தில் குழாய் பார்த்துக்கொண்டு நின்ற பெண்
சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

பிறகு நான் இருந்தேன்.
நாலடி பத்தங்குலம் நான்.
இரண்டு காலும் அந்தரத்தில்.
ஒரு செருப்பு கழன்று விழுந்தது.

அந்தச் செருப்பை
மூன்று ஆண்களும் பார்த்தோம் என்று எழுத ஆசை,
ஆனால் பார்த்தது ப்ரோடி மட்டும்.
சதானந்தர் விலைச்சீட்டை வாசித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் பத்திரிகைத் தாளை
அதன் வடிவத்துக்கு வெட்டித் தரையில் விரித்து
கதவைத் திறந்து பார்த்தேன்.
தாளின் மூக்கை உரசாமல் போனது.
இரண்டு விரல் இடம் மிச்சம்.
வெளிக்குப் போறது என்று
நாங்கள் இன்னும் சொல்கிறோம்,
வெளி என்று பார்த்தால்
அந்த இரண்டு விரல்தான்.

உமக்கு உயரமெண்டால் வேண்டாம் என்றார் அவர்,
உடைந்த கம்பியை உருட்டியபடி.
உயரம்தான், என்றேன். எடுப்பம், என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
குழாய்க்காரர் ஸ்டாவ்ரோஸ் வந்து
பழையதைப் பெயர்த்தெடுக்கும்வரை யோசித்தேன்.
அடியில் காய்ந்த சீமெந்தும்
யாரோ தொலைத்த ஒரு சீப்பும்.

பழையது இப்போது வீதியோரப் புல்லில்,
மாநகரசபை லொறிக்காகக் காத்து.
நேற்றைய மழையில் அரைவாசி நிறைந்தது.
காலையில் ஒரு மாக்பை விளிம்பில் நின்று
தண்ணீர் குடித்தது,
முழுதும் அல்ல,
தேவையான அளவு.

இரவு மூன்று மணிக்கு
அரைப் பொத்தானின் சின்னச் சத்தம்.
அவர் திரும்பிவந்து படுக்கிறார்.
நான் எழும்பிப் போகிறேன்.
வெளிச்சத்தைப் போட்டால்
கொமட்டின் முன்னால் ஒரு பலகை,
பழைய அலுமாரித் தட்டை அறுத்தது,
இரு பக்கமும் கட்டை அடித்து.
ஒரு கட்டை குட்டை.
காலை வைத்தால் டக் என்று ஆடுகிறது.

அளவுநாடா
என்னிடம்தான் இருந்தது.
என்னிடம் கேட்கவில்லை.